கல்பிட்டிப் பெண்ணின் இடது கை

கல்பிட்டி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போனவர்கள் வீடு திரும்புவதற்கு முன்.

ஞாயிறு மகளிர் பக்கத்தின் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் எழுதத் தொடங்குகிறேன். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். தாங்கள் ஐயாவா அம்மணியா, எங்கள் மார்க்கமா பிற மார்க்கமா என்று பக்கத்தின் நான்கு ஓரமும் தேடிப் பார்த்துவிட்டேன், பெயர் போடவில்லை. சாந்தி எல்லாருக்கும் பொருந்தும் என்பதால் அதையே சொல்லிவிட்டு மேலே போகிறேன். நானும் என் கணவரும் மகளும் இறைவன் கிருபையால் உடல் சுகத்தோடு இருக்கிறோம். மனச் சுகம் எப்படி என்று கேட்டால், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பதினொரு வருடமாக உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வருகிறேன். இப்போது ஏழாவது கொப்பி நடக்கிறது. நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் குர்ஆன் மதரஸாவிலும் உங்கள் பக்கத்திலும்தான். தையல்கூட யாரும் சொல்லித் தரவில்லை, பழைய சட்டைகளைத் தையல் பிரித்துப் பிரித்து நானே கற்றுக்கொண்டது. இடியப்பப் பிரியாணி உங்கள் பக்கத்தில் படித்துச் செய்தேன், நன்றாக வந்தது. பப்பாசிப் பழ முகப்பூச்சும் உங்கள் பக்கத்தில் படித்துத்தான் செய்தேன். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இவ்வளவு காலமும் ஒரு குறை எழுதியவள் அல்ல நான். ஆனால் சென்ற மாதம் இரண்டாவது ஞாயிறு நீங்கள் போட்ட படத்தால் என் மகளுடைய கலியாணம் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. அதை நீங்கள்தான் இறக்கித் தர வேண்டும்.

எந்தப் படம் என்று மறந்திருப்பீர்கள், நினைவுபடுத்துகிறேன். அந்தக் காலத்து அச்சுப் படங்களில் நம் நாட்டுப் பெண்களின் உடை என்று ஒரு கட்டுரை. நடுவில் பெரிதாக ஒரு படம். கீழே, "கல்பிட்டிப் பெண், ஒல்லாந்தர் காலம், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அடுப்பில் இருந்த பாலை மறந்துவிட்டேன். கோட்டைக்கு முன்னால் மணலில் ஒருத்தி நிற்கிறாள். இடுப்பில் கட்டம் போட்ட கம்பாயம், மேலே நீளக் கை வைத்த வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே தலையை மூடி வலது தோளில் போட்ட மெல்லிய துணி. காதின் விளிம்பு முழுக்க வளையம். ஒரு கை இடுப்பில், மற்றக் கையால் வெற்றிலைச் சுருளை வாய்க்குக் கொண்டுபோகிறாள். பின்னால் வாள் கட்டிய ஒரு ஒல்லாந்துச் சிப்பாய் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படத்தைச் சுவரில் மாட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. வெட்டி, சோற்றுப் பசை தடவிக் கொப்பிக்குள் ஒட்டி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த பிழை.

என் மகள் அஸ்காவுக்கு மாப்பிள்ளை பக்கத்து ஊர், கனமூலை. நிகாஹ்வுக்கு இன்றைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நிகாஹ் அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் கூறைச் சாரி, அதில் எனக்கு வேலை இல்லை. வலீமா விருந்துக்குத்தான் வாடகைக்கு ஒரு வெள்ளைக் கவுன் எடுப்பதாக இருந்தது. இப்போது எல்லாப் பெண்களும் அதைத்தான் எடுக்கிறார்கள். பின்பக்கம் ஏழு முழம் இழுபடுகிற கவுன். பக்கத்து வீட்டு றிஸானாவின் கலியாணத்தில் அந்த ஏழு முழமும் ஓட்டோவின் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, மணப்பெண்ணை இறக்குவதற்கு சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட வேண்டி வந்தது. அதை நேரில் பார்த்ததிலிருந்து அஸ்காவுக்குக் கவுன் என்றாலே பயம். அவள் என் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் இந்தப் படத்தில் நின்றுவிட்டாள்.

"உம்மா, எனக்கு இதையே தைச்சித் தாங்க."

"இதையா? இது இருநூறு வருசத்து உடுப்பு, புள்ள."

"எல்லாம் மூடி இரிக்கி, இழுபடவும் இல்ல. எங்கட ஊர் உடுப்பு வேற. இதுக்கு மேல என்ன வேணும்?"

உண்மையாகவே அதற்கு மேல் என்ன வேண்டும்? கூலிக்குத் தைக்காத ஒருத்திக்கு அப்படி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் தூக்கம் போய்விடும். அன்றைக்கே அடிமட்டத்தை எடுத்துப் படத்தை அளந்தேன். உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் சரியாக ஐந்தேகால் அங்குலம். அஸ்கா ஐந்தடி மூன்று அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் படத்தின் ஒரு அங்குலத்துக்கு மகளின் ஓரடி, மிச்சம் ஒரு நூலும் இல்லை. அல்லாஹ்வே அளந்து அனுப்பியது போல இருந்தது எனக்கு. பிறகு எதற்கு மகளைக் கூப்பிட்டு நிறுத்தி அளவெடுக்க வேண்டும்? எல்லா அளவையும் படத்திலிருந்தே எடுத்தேன். கை இரண்டேகால் அங்குலம், ஆகவே இருபத்தேழு அங்குலம். இடுப்பு முன்பக்கம் அரை அங்குலம், பின்பக்கமும் அரை அங்குலமாகத்தானே இருக்கும், ஆக மொத்தம் ஓரடி. வெட்டும்போது கொஞ்சம் சந்தேகம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கணக்கு சரியாக இருக்கும்போது கண்ணை நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். தைத்து முடித்து அஸ்காவிடம் கொடுத்தால் இடுப்புக்குள் அவளுடைய ஒரு கால்தான் போகிறது. கை விரல்களையும் தாண்டித் தொங்குகிறது. கழுத்துக்குள் தலை நுழையவே இல்லை.

"உம்மா, இது சட்டையா தலவாணி உறையா?" என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

அஸ்காவின் வாப்பா படத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இந்தப் புள்ளைக்குக் குடல் எங்க இரிக்கும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கே தெளிந்தது. செதுக்கியவர் எங்கள் ஊர்ப் பெண்ணை நிறுத்தி வைத்துப் பார்க்கவில்லை. அவர் நாட்டில் இடுப்பை இறுக்கிக் கட்டிய பெண்கள்தான் அழகு போலிருக்கிறது. அந்த உடம்பைச் செதுக்கி, அதில் எங்கள் உடுப்பை மாட்டிவிட்டிருக்கிறார். கால் விரல்களைப் பார்த்தாலும் தெரிகிறது. கூரான சப்பாத்துக்குள் இருந்து பழகிய கால், கல்பிட்டி மணலில் நடந்த கால் இல்லை. சரி, துணி வீணாகவில்லை, இரண்டு தலையணைக்கு உறை ஆனது. மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை மகளை அளந்து, மாதிரியை மட்டும் படத்திலிருந்து எடுத்துத் தைத்தேன். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியாது, தலையில் போட்டது தலையில் நிற்காது. அதனால் மேல்துணியின் மடிப்பைச் சட்டையின் வலது தோளோடு சேர்த்துப் பிடித்துத் தைத்தேன், படத்தில் இருந்தது போல. அஸ்கா உடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்க அடுப்படிக்குள் போனேன்.

இனித்தான் விசயத்துக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையின் தாயார் பெயர் உம்மு குல்சூம். என்னை விட மூப்பு, அதனால் ராத்தா என்று கூப்பிடுகிறேன். கணவர் மௌத்தாகி ஒன்பது வருடம், தனியாக நின்று பிள்ளையை ஆளாக்கிய மனுசி. பேச்சு குறைவு, பார்வை கூட. எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் என்ன சாப்பிட்டார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்பது என் வழக்கம். குறை பிடிக்க அல்ல, அடுத்த முறை எதைக் கூட்டிச் சமைப்பது என்று தெரிவதற்கு. அந்தக் கொப்பியில் இப்படி இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று: "உம்மு குல்சூம் ராத்தா, தேத்தண்ணி ஒன்று. சாப்பாடு இல்லை." நிச்சயம் பேசிய அன்று: "தேத்தண்ணி ஒன்று. சாப்பாடு இல்லை." அன்றைக்குப் பெண்களுக்கு சஹன் வைத்திருந்தோம். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவதுதான் எங்களில் உறவுக்கு அடையாளம். ஐந்து பேர் உட்கார்ந்து ஆறாவது இடத்தை அவருக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தோம். "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க தின்னுங்க" என்று சொல்லிவிட்டுக் கதிரையிலேயே இருந்துகொண்டார். கோழிப் பொரியலின் வாசனை கனமூலை வரைக்கும் போயிருக்கும், அவருடைய மூக்குக்கு மட்டும் போகவில்லை. எங்கள் கைச் சோறு பிடிக்கவில்லை, எங்களைப் பிடிக்கவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுப்பது, நீங்களே சொல்லுங்கள்.

மூன்றாவது முறை, சென்ற ஞாயிறு, வலீமா உடுப்பைப் பார்க்க வந்தார். சட்டையைக் கையில் எடுத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். ஒரு நூல் நீண்டிருந்தது. "கத்தரிக்கோல் தா" என்று வாங்கி வெட்டப் பார்த்தால், நூலும் வெட்டுப்படவில்லை, துணியையும் சப்பிவிட்டது. "கத்தரிக்கோல் மொட்ட" என்று திருப்பித் தந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்திய நாள்தான் சாணை பிடித்து வந்தது. "எதப் பாத்து இதத் தைச்ச?" என்று கேட்டார். கொப்பியைத் திறந்து படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார். பார்த்தார். நான் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை கட்டும் வரைக்கும் பார்த்தார்.

"பஸீனா."

"சொல்லுங்க ராத்தா."

"இந்த மனுசி இடது கையால தின்றா."

நான் குனிந்து பார்த்தேன். யா அல்லாஹ்! ஐந்து வாரம் அடிமட்டம் வைத்து அளந்திருக்கிறேன், காது வளையத்தைக்கூட எண்ணியிருக்கிறேன், பதினொன்று. இதைப் பார்க்கவில்லை! இடுப்பில் இருப்பது வலது கை. வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோவது இடது கை. தின்பதும் குடிப்பதும் வலது கையால் என்பது எங்கள் வீட்டில் நடை பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த ஒழுக்கம். அப்படிப்பட்ட ஒருத்தியின் உடுப்பையா நான் மகளுக்கு ஆசையோடு தைத்துப் போட்டு, சம்பந்திக்கும் எடுத்துக் காட்டுகிறேன்? ராத்தா "இத நான் கொண்டு போறன்" என்று படத்தை உரித்தார். சோற்றுப் பசை விடுமா? தாளோடு கிழிந்து வந்துவிட்டது. அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான் நான் ரமழானில் விடுபட்ட நோன்புகளை நோற்று முடிக்கிற கணக்கை எழுதி வைத்திருந்தேன். அதுவும் கனமூலைக்குப் போய்விட்டது. கொப்பியில் எழுதினேன்: "தேத்தண்ணி ஒன்று, பாதியில் வைத்துவிட்டார். சாப்பாடு இல்லை."

அதற்குப் பிறகு நாலு நாள் ஒரு போன் கோல்கூட இல்லை. மண்டபத்துக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. அஸ்கா மாப்பிள்ளையிடம் போனில் கேட்டாள். "உம்மா அந்தப் படத்தப் பாத்துக்கிட்டே இரிக்கிறா, கேட்டா ஒண்டும் சொல்றா இல்ல" என்று பதில். இதைக் கேட்டுவிட்டு அஸ்கா என் மடியில் வந்து விழுந்தாள். "நான் அந்தக் கவுனையே உடுக்கிறன் உம்மா. சக்கரத்துல சுத்தினாலும் பரவாயில்ல. மாமிக்கிட்ட சொல்லுங்க." அவளுடைய வாப்பா கனமூலைக்குப் போய் மாப்புக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சேர்ட்டைப் போட்டுவிட்டார். "என்னெண்டு கேப்பீங்க? இருநூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தி வெத்தில திண்டதுக்கா?" என்று கேட்டேன். சேர்ட்டைக் கழற்றிவிட்டார்.

நேற்று முற்பகல் ளுஹாத் தொழுகை இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு அப்படியே இருந்து யோசித்தேன். மௌத்தானவர்களைப் பற்றி நல்லதை நினைக்கத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. முக்காடு போட்டு, மணிக்கட்டு வரைக்கும் மூடி, மரியாதையாக நிற்கிற ஒரு பெண். ஓர் அந்நியன் படம் வரைகிறபோது, வேண்டுமென்றே இடது கையால் தின்று காட்டுவாளா? மாட்டாள். அவள் பிழை செய்யவில்லை என்றால் படம் பிழை செய்திருக்க வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அஸ்காவின் வாப்பா பள்ளிவாசலின் றப்பர் முத்திரையை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் நிர்வாக சபையில் செயலாளர், கலியாணக் கடிதங்களுக்கு முத்திரை குத்துவது அவர் வேலை. மை போட்டுவிட்டு முத்திரையை மல்லாக்க வைத்தார். பள்ளிவாசலின் பெயர் முழுக்க மறுபக்கமாக எழுதியிருந்தது. கடிதத்தில் குத்தினால் நேராக வருகிறது. இருபது வருடமாக அந்த முத்திரை என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கிறது, நேற்றுத்தான் நான் அதன் முகத்தைப் பார்த்தேன். செதுக்கியவர் நேராகச் செதுக்கினால் அச்சில் எல்லாம் மறுபக்கமாகத்தானே வரும்! படம் செதுக்கின அந்த மனிதர் எழுத்தைத் திருப்பி வெட்டியிருப்பார், பெண்ணைத் திருப்ப மறந்துவிட்டார்.

அஸ்காவின் போனில் படத்தை எடுத்துவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அலுமாரிக் கண்ணாடிக்கு வெளிச்சம் வராது என்று நானும் அவரும் அலுமாரியை இரண்டு அறை தள்ளி முன்வாசலுக்குக் கொண்டுவந்தோம். போனைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். அல்ஹம்துலில்லாஹ்! வெற்றிலை வலது கையில். மேல்துணி இடது தோளில், இன்றைக்கு நாங்கள் சாரி போடுகிறது போல. பின்னால் நிற்கிற சிப்பாய்க்கும் வாள் இடுப்பின் இடது பக்கம் போய்விட்டது. வலது கையால் உருவுகிறவன் அங்கேதான் கட்டுவான், இல்லாவிட்டால் உருவுவதற்குள் எதிரி அவனை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று அஸ்காவின் வாப்பா சொன்னார். அப்போதுதான் அஸ்கா எழும்பி வந்து, போனிலேயே படத்தைத் திருப்புவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்று சொன்னாள். அலுமாரி இன்னும் முன்வாசலில்தான் நிற்கிறது.

இருந்தாலும் சாட்சி ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று அவரைக் கோட்டைக்கு அனுப்பினேன், கடல் எந்தக் கைப் பக்கம் வருகிறது என்று பார்த்துவர. அவர் ஒரு கையில் போன், மறு கையில் சவரக் கண்ணாடி, கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். காவலுக்கு நின்ற கடற்படைத் தம்பி வந்து, "மாமே, என்ன செய்றீங்க?" என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். "மகளின் கலியாணச் சட்டைக்குத் தோளை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்க்கிறேன்" என்று இவரும் சிங்களத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை இவரை நிழலில் இருத்தி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று அன்பாக விசாரித்ததாம். கடல் எந்தப் பக்கம் என்று கடைசிவரை இவர் பார்க்கவில்லை. ஆனால் எனக்குப் போதும். இன்று காலை வலது தோளைப் பிரித்து இடது தோளில் மாற்றித் தைத்துவிட்டேன்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வருகிற ஞாயிறு, அதே பக்கத்தில், அதே இடத்தில், பெரிய எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். "கல்பிட்டிப் பெண்ணின் படம் அச்சில் இடம் வலம் மாறி வந்தது. அவர் வெற்றிலை தின்றது வலது கையால்தான்" என்று இரண்டு வரி. நான் போய்ச் சொன்னால் மகளுக்காகக் கதை கட்டுகிறாள் என்று ராத்தா நினைப்பார். பத்திரிகையில் வந்தால் மறுக்க மாட்டார். இரண்டு வரியில் என் பிள்ளையின் கலியாணம் நிற்கிறது, இருநூறு வருடத்துக்கு முந்திய ஒரு பெண்ணின் மானமும் நிற்கிறது. இரண்டையும் காப்பாற்றிய நன்மை உங்கள் ஏட்டில் எழுதப்படும்.

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும், அச்சகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் (அவர்களோடு எனக்குக் கோபமில்லை), அல்லாஹ் நீண்ட ஆயுளையும் ரிஸ்கில் பரக்கத்தையும் தரட்டும். உங்கள் பக்கம் ஏழாவது கொப்பியைத் தாண்டி எழுபதாவது கொப்பி வரைக்கும் போகட்டும்.

இப்படிக்கு,
துஆவில் உங்களை மறவாத,
பஸீனா
(அஸ்காவின் உம்மா)

பின்குறிப்பு: இதை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மேலே கேட்ட திருத்தத்தைத் தயவுசெய்து போட வேண்டாம்.

உறையை ஒட்டிக் கையில் வைத்திருக்கும்போது வாசலில் வான் வந்து நின்றது. உம்மு குல்சூம் ராத்தா தனியாக இறங்கினார். முன்வாசலில் நின்ற அலுமாரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து, மடித்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "உன்ட நோன்புக் கணக்கு. பாத்து எழுதிக் கொண்டு வந்தன். ரெண்டு பாக்கி இரிக்கி, மறந்துடாத." திறந்து பார்த்தேன். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது, மை காய்வதற்குள் கை பட்டு இழுபட்டிருந்தது.

"ராத்தா, படம்?"

"அது எனக்கு வேணும். தர மாட்டன்." கதிரையில் இருந்தார். "நாலு நாளா நான் பேசாம இருந்தது கோவத்துல இல்ல, பஸீனா. எனக்கு எல்லாமே இடது கையாலதான் வரும். சின்னப் புள்ளயில எங்கட உம்மா முக்காட்டால அந்தக் கையக் கட்டிப்போட்டுத்தான் சோறு தருவா. வலது கையாலயும் தின்னப் பழகிட்டன், ஆனா பிடிச்ச சோத்துல பாதி மடியில விழும். ஆக்களுக்கு முன்னால தின்னவே மாட்டன். சஹன்ல வந்து இருந்தா மத்த அஞ்சு சனமும் என்ட கையத்தானே பாக்கும்?"

அவருடைய வயிற்றுவலி, இடது கையில் பிடித்த கத்தரிக்கோல், மூன்று தேத்தண்ணி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. சாணை பிடித்தவரை நான் மனசுக்குள் ஏசியிருக்கிறேன், அவருக்கும் மாப்புச் சொல்ல வேண்டும்.

"இவளப் பாத்தன்" என்றார் ராத்தா. "எங்கட உடுப்பு, எங்கட முக்காடு. பட்டப்பகல்ல, ஒரு வெள்ளக்காரன் பாத்துக்கிட்டு இரிக்க, இடது கையால வெத்தில தின்றா. மறைக்கல்ல. ஒருத்தரும் அவட கையக் கட்டல்ல. அம்பத்தெட்டு வருசத்துல என்னப்போல ஒருத்திய நான் இப்பதான் காணுறன்."

அந்த உறை என் கையில் இருந்தது. உள்ளே அலுமாரிக் கண்ணாடியும் பள்ளிவாசல் முத்திரையும் சிப்பாயின் வாளும் எல்லாச் சாட்சியும் இருந்தன. நான் எட்டாம் ஆண்டோடு நின்றவள். என் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த ஒரே விசயம் அது. ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை.

"அது என்ன கடிதம்?" என்று கேட்டார்.

"பேப்பருக்கு ராத்தா. பப்பாசி முகப்பூச்சப் பத்தி ஒரு முறைப்பாடு." அது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக இங்கே எழுதிவிடுகிறேன்: அந்த முகப்பூச்சைப் பூசி என் முகம் மூன்று நாள் எரிந்தது.

பிறகு சட்டையைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "தோள ஏன் மாத்தின? படத்துல இப்பிடி இல்லியே." பிழையாக வைத்துவிட்டேன், இன்றைக்கே திருப்பி வைக்கிறேன் என்று சொன்னேன். ஆகவே இரண்டாவது முறையாக அதைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வலீமாவில் அஸ்கா வலது தோளில்தான் போடுவாள். நாளைக்கு இதைப் பார்த்துவிட்டு, கல்பிட்டிப் பெண்கள் பரம்பரையாக வலது தோளில்தான் போடுவார்கள் என்று யாராவது கட்டுரை எழுதினால், அதையும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இனியும் எதற்காக இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன் என்றால், உங்களுக்கு வாசகிகள் நிறைய. எங்கேயோ ஒரு கெட்டிக்காரி கண்ணாடிக்கு முன்னால் நின்று இதைக் கண்டுபிடித்து உங்களுக்கு எழுதுவாள். அவள் சொல்வது சரி. இருந்தாலும் அவளுடைய கடிதத்தைத் தொலைத்துவிடுங்கள். வலது கையால் உண்பது நபிவழி, அதில் எனக்கு மாற்றுப் பேச்சு இல்லை. முடியாதவர்களுக்கு அல்லாஹ் எவ்வளவு இடம் விட்டிருக்கிறான் என்று அளக்க என்னிடம் அடிமட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அஸ்காவின் வாப்பாவை அலுமாரியைத் தள்ளச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, அடுப்படிக் கதவைச் சாத்தினேன். மத்தியானச் சோறு இருந்தது, பாரை மீன் ஆணம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் போட்டு நடுவில் வைத்தேன். கறியை அவருக்கு இடது பக்கமாக நகர்த்தி வைத்தேன். பிஸ்மி சொன்னார். கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "உம்மு குல்சூம் ராத்தா, தேத்தண்ணி ஒன்று. சோறு இரண்டு தரம். மீன் மூன்று துண்டு."

எந்தக் கையால் என்று எழுதவில்லை.